கட்டற்ற இயங்குதளங்களில் கம்பியில்லா வன்பொருளும் நிலைபொருள் உரிமமும்

லினக்ஸ், ஓபன்பிஎஸ்டி போன்ற கட்டற்ற இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர் வைஃபை வசதி பெறுவதில் 2000-களின் தொடக்கம் முதல் சந்தித்துவரும் சிக்கல்களில் முதன்மையானது நிலைபொருள் பற்றியதாகும். வைஃபை சில்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல் நிலைபொருள் எனப்படுகிறது. இதன் மூல நிரலைத் தயாரிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாமா என்பதையும் நிறுவனத்தின் உரிமமே முடிவு செய்கிறது. ஆகவே, ஒரு மடிக்கணினியில் வைஃபை இயங்குமா என்பது பல ஆண்டுகள் நிரலாளர்களின் திறமையைவிட உரிமத்தில் உள்ள சில வரிகளையே சார்ந்திருந்தது. முழுச் சுதந்திரம் உள்ள மென்பொருள் வேண்டுமா, உடனே இணையத்தில் இணையும் கணினி வேண்டுமா என்ற கேள்வியைக் கட்டற்ற மென்பொருள் உலகின் முன் இச்சிக்கல் வைத்தது.

நிலைபொருளும் இயக்கியும்

வைஃபை அட்டை ஒன்று வேலை செய்ய இரண்டு நிரல்கள் தேவை. முதலாவது, இயக்கி. இது கணினியின் முதன்மைச் செயலியில், இயங்குதளத்தின் பகுதியாக ஓடுகிறது. இரண்டாவது, நிலைபொருள். இது அட்டையில் உள்ள சில்லின் சொந்தச் செயலியில் ஓடுகிறது.

இரண்டு நிரல்கள் தேவைப்படுவதற்குக் காரணம் நேரக் கட்டுப்பாடு. வைஃபை சாதனம் ஒன்று தரவுப் பொதியைப் பெற்றால், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை உடனே அனுப்ப வேண்டும். 802.11பி தரத்தில் இதற்கான இடைவெளி 10 மைக்ரோ நொடி மட்டுமே. பல வேலைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் கணினிச் செயலியால் இவ்வளவு விரைவாக ஒவ்வொரு முறையும் பதில் தர இயலாது. அதனால் இத்தகைய வேலைகள் சில்லின் வன்பொருளிடமும் அதில் ஓடும் நிலைபொருளிடமும் விடப்படுகின்றன.

தொடக்கக் கால அட்டைகளில் நிலைபொருள், அட்டையிலேயே உள்ள நிலை நினைவகத்தில் பதிக்கப்பட்டு வந்தது. அட்டையை விலைக்கு வாங்கியவருக்கு நிலைபொருளும் சேர்ந்தே கிடைத்தது. அதற்குத் தனி உரிமம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. பின்னர், செலவைக் குறைக்க நிறுவனங்கள் அந்த நினைவகத்தை நீக்கின. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் வட்டில் உள்ள கோப்பு ஒன்றிலிருந்து நிலைபொருளைச் சில்லுக்குள் ஏற்றும் முறை வந்தது. பொருளோடு சேர்ந்திருந்த நிரல் இவ்வாறு தனிக் கோப்பாயிற்று. கோப்பைப் படியெடுத்து வழங்கப் பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

நிலைபொருள் கோப்புகளை உரிம அடிப்படையில் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. மூல நிரலும் கட்டற்ற உரிமமும் உள்ளவை.
2. மூல நிரல் இல்லாதவை. ஆனால் மாற்றாமல் பிறருக்கு வழங்க அனுமதி உள்ளவை.
3. பிறருக்கு வழங்கவே அனுமதி இல்லாதவை.

மூன்றாம் வகையே பயனரை மிகவும் பாதித்தது. அந்தக் கோப்பை இயங்குதளத்தின் நிறுவல் வட்டில் சேர்க்க முடியாது. பயனர் தாமாகவே இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். ஆனால் இணையத்தில் இணைய அந்தக் கோப்பு வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடும் நிலை இது. ஈதர்நெட் கம்பி வசதி இல்லாத வீடுகளில் புதிய பயனர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிட்டனர்.

தொடக்கக் காலம்

802.11 தரம் 1997-இல் வெளியானது. 1999-இல் வந்த 802.11பி, நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தை அளித்ததால் வைஃபை பொதுமக்களிடம் பரவியது. அக்காலத்தின் லூசென்ட் ஓரினோகோ அட்டைகளுக்கும் இன்டர்சில் பிரிசம் சில்லு கொண்ட அட்டைகளுக்கும் லினக்ஸில் விரைவிலேயே இயக்கிகள் எழுதப்பட்டன.

அடுத்த தலைமுறைச் சில்லுகள் வந்தபோது நிலைமை மாறியது. நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டும் இயக்கி வழங்கின. சில்லின் தொழில்நுட்ப ஆவணங்களைத் தர மறுத்தன. இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. ஒன்று, தொழில் இரகசியம். மற்றொன்று, வானொலி அலைவரிசைச் சட்டம். ஒரே சில்லு பல நாடுகளில் விற்கப்படுவதால், எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனுடன் அலை பரப்பலாம் என்ற வரம்பை மென்பொருளே விதிக்கிறது. மென்பொருள் திறந்திருந்தால் பயனர் அந்த வரம்பை மீறக்கூடும், அதற்குத் தாங்கள் பொறுப்பேற்க நேரும் என நிறுவனங்கள் கூறின.

இடைக்காலத் தீர்வாக, விண்டோஸ் இயக்கியையே லினக்ஸுக்குள் ஏற்றி ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் என்னும் மென்பொருள் வந்தது. இது பலருக்கு உதவியது. ஆனால் மூலம் தெரியாத நிரல் ஒன்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடியதால், பிழை ஏற்பட்டால் எவராலும் திருத்த இயலவில்லை.

இன்டெல்

இன்டெல் நிறுவனம் 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்னும் மடிக்கணினித் தொகுப்பை அறிமுகம் செய்தது. செயலியுடன் வைஃபையும் சேர்ந்தே வந்ததால் வைஃபை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாயிற்று. 2004-இல் இன்டெல் தானே லினக்ஸுக்கான திறமூல இயக்கியைத் தொடங்கியது. அது 2005-இல் லினக்ஸ் 2.6.14 பதிப்பில் சேர்ந்தது. இயக்கி திறந்திருந்தது, நிலைபொருள் மூடியே இருந்தது. நிலைபொருளைப் பெறப் பயனர் இன்டெலின் உரிம விதிகளை ஏற்க வேண்டியிருந்தது. ஓபன்பிஎஸ்டி போன்ற திட்டங்கள் அந்த விதிகளின் கீழ் கோப்பைத் தம் வெளியீட்டில் சேர்க்க முடியாது என்று மறுத்தன.

2006-இல் வந்த 3945 வகை அட்டையில் மற்றொரு சிக்கல் எழுந்தது. அலைவரிசை வரம்புகளைக் காப்பதற்காக, இயக்கி, நிலைபொருள் ஆகியவற்றுடன் மூன்றாவதாக ஒரு மூடிய நிரலும் கணினியில் எப்போதும் ஓட வேண்டும் என இன்டெல் விதித்தது. அதே ஆண்டில் ஓபன்பிஎஸ்டி நிரலாளர் டேமியன் பெர்காமினி, அந்த மூன்றாவது நிரல் இல்லாமலேயே இயங்கும் இயக்கியை எழுதிக் காட்டினார். 2007 பிப்ரவரியில் இன்டெல், மூன்றாவது நிரல் தேவைப்படாத புதிய இயக்கியை அறிவித்தது. வரம்புகளைக் காக்கும் பணி நிலைபொருளுக்கு மாற்றப்பட்டது. ஐடபிள்யூஎல்வைஃபை எனப்படும் இந்த இயக்கி 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் சேர்ந்தது. அதன் நிலைபொருளை மாற்றாமல் எவரும் வழங்கலாம் என்ற அனுமதியும் கிடைத்தது. பிற்காலத்தில் பொதுவாகிவிட்ட சமரசத்தின் வடிவம் இதுவே: இயக்கி திறந்தது, நிலைபொருள் மூடியது, வழங்க அனுமதி உண்டு.

ஓபன்பிஎஸ்டியின் முயற்சி

ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் தலைவர் தியோ டி ராட் 2004, 2005 ஆண்டுகளில் வைஃபை நிறுவனங்களை நோக்கி ஓர் இயக்கத்தையே நடத்தினார். நிறுவனங்களுக்கு நேரடியாக எழுதுமாறு பயனர்களையும் கேட்டுக்கொண்டார். அவரது கோரிக்கை எளிமையானது. இயக்கி எழுதத் தேவையான ஆவணங்கள் வேண்டும். நிலைபொருள் கோப்பை இயங்குதளத்துடன் வழங்கும் அனுமதி வேண்டும். நிலைபொருளின் மூல நிரலை அவர் கேட்கவில்லை.

தைவானைச் சேர்ந்த ராலிங்க், ரியல்டெக் நிறுவனங்கள் ஒத்துழைத்தன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல அப்போது இணங்கவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2004-ஆம் ஆண்டுக்கான தனது விருதை டி ராட்டுக்கு வழங்கியது.

ஆயினும் இவ்விரு தரப்பும் நிலைபொருள் பற்றி ஒரே கருத்துக் கொண்டவை அல்ல. ஓபன்பிஎஸ்டியைப் பொறுத்தவரை, சில்லுக்குள் ஓடும் நிரல் வன்பொருளின் ஒரு பகுதி. அதைத் தடையின்றி வழங்க முடிந்தால் போதும். ஆனால் கெர்னலுக்குள் மூடிய நிரல் எதுவும் ஓடக்கூடாது. அறக்கட்டளையைப் பொறுத்தவரை, இயங்குதளம் வழங்கும் எந்த நிரலுக்கும் மூலமும் மாற்றும் உரிமையும் வேண்டும். நிலைபொருளுக்கும் விலக்கு இல்லை. இக்கொள்கைப்படி, லினக்ஸ் கெர்னலிலிருந்து மூடிய நிலைபொருளை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே என்னும் வடிவம் 2008 முதல் இலத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையால் பேணப்பட்டு வருகிறது.

ஏதெரோஸ்

ஏதெரோஸ் சில்லுகளின் வரலாறு சற்று வேறானது. அவற்றுள் பல, நிலைபொருள் ஏற்றத் தேவையில்லாத வகையைச் சேர்ந்தவை. ஆனால் சில்லை எந்த அலைவரிசைக்கும் மென்பொருளால் திருப்ப முடிந்தது. ஆகவே மேட்வைஃபை என்னும் லினக்ஸ் இயக்கியில், வன்பொருளைத் தொடும் பகுதி மட்டும் மூடிய நிரலாக வைக்கப்பட்டது.

ஓபன்பிஎஸ்டி நிரலாளர் ரெய்க் ஃப்ளோட்டர் மீள்பொறியியல் முறையில், அதாவது சாதனம் இயங்கும் விதத்தை ஆராய்ந்து அதன் அமைப்பைக் கண்டறியும் முறையில், அப்பகுதிக்குத் திறந்த மாற்று ஒன்றை எழுதினார். அது ஏதெரோஸின் பதிப்புரிமையை மீறுகிறதா என்ற ஐயம் லினக்ஸ் தரப்பில் நீண்டநாள் இருந்தது. நியூயார்க்கில் உள்ள மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் ஆய்வு செய்து, மீறல் இல்லை என்று 2007 ஜூலையில் அறிவித்தது. ஆனால் உடனே மற்றொரு பூசல் எழுந்தது. பிஎஸ்டி வகை உரிமத்தில் இருந்த அந்தக் கோப்புகளின் உரிமக் குறிப்பை நீக்கி, ஜிபிஎல் உரிமத்தை மட்டும் இடும் திருத்தம் ஒன்று லினக்ஸ் அஞ்சல் பட்டியலில் முன்வைக்கப்பட்டது. உழைத்தவரின் உரிமத்தை அவர் ஒப்புதலின்றி மாற்றலாகாது என ஓபன்பிஎஸ்டியினர் கடுமையாக எதிர்த்தனர். மூல உரிமக் குறிப்புகள் காக்கப்பட்டு, ஏடிஎச்5கே என்னும் அந்த இயக்கி 2008 ஏப்ரலில் லினக்ஸ் 2.6.25-இல் சேர்ந்தது.

இதன்பின் நிறுவனமே மனம் மாறியது. 2008 ஜூலையில் ஏதெரோஸ், 802.11என் சில்லுகளுக்கு ஏடிஎச்9கே என்னும் முழுத் திறமூல இயக்கியை வெளியிட்டது. மேட்வைஃபையின் மூடிய பகுதியும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. யூஎஸ்பி வழி இணையும் ஏஆர்9271 வகைச் சில்லுகளின் நிலைபொருள் 2013-இல் மூல நிரலுடன் வெளியானது. சில்லு முதல் கெர்னல் வரை திறந்த நிரல்களால் ஓடும் வைஃபை சாதனத்தைக் கடையில் வாங்குவது இதனால் இயல்வதாயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் வன்பொருள் சான்றிதழையும் இவ்வகைச் சாதனங்கள் பெற்றன.

இந்த வளர்ச்சி நீடிக்கவில்லை. 2011-இல் ஏதெரோஸை குவால்காம் வாங்கியது. அடுத்து வந்த 802.11ஏசி தலைமுறைக்கான ஏடிஎச்10கே இயக்கி திறமூலமே. ஆயினும் அதற்கு மூடிய நிலைபொருள் தேவை. முழுச் சுதந்திரம் விரும்புவோர் இன்றும் 802.11என் காலத்துச் சில்லுகளையே தேடி வாங்க வேண்டியுள்ளது.

பிராட்காம்

பிராட்காம் நிறுவனம் பல ஆண்டுகள் ஆவணமும் தரவில்லை, நிலைபொருளை வழங்கும் அனுமதியும் தரவில்லை. அதன் சில்லுகளோ ஏராளமான மடிக்கணினிகளில் இருந்தன. தன்னார்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தனர். ஒரு குழு மூடிய இயக்கியை ஆராய்ந்து, சில்லின் இயக்கத்தைச் சொற்களில் மட்டும் விவரித்தது. மற்றொரு குழு மூடிய நிரலைப் பார்க்காமல், அந்த விவரிப்பை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதியது. படியெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழாதிருக்கவே இந்த ஏற்பாடு. இந்த இயக்கி 2006 ஜூனில் லினக்ஸ் 2.6.17-இல் சேர்ந்தது.

இயக்கி கிடைத்தும் நிலைபொருள் இல்லை. பயனர், பிராட்காமின் மூடிய இயக்கிக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி, அதனுள் இருக்கும் நிலைபொருளைத் தனிக் கருவி ஒன்றால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. டெபியனில் இதற்காக உருவாக்கப்பட்ட பொதியில்கூட நிலைபொருள் கிடையாது. அது பயனரின் கணினியில் இணையத்திலிருந்து பதிவிறக்கும் வேலையை மட்டுமே செய்தது. 2009-இல் இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தினர் சில பழைய பிராட்காம் சில்லுகளுக்குத் திறந்த நிலைபொருள் ஒன்றையே எழுதி வெளியிட்டனர்.

2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகளுக்கான திறமூல இயக்கியை வெளியிட்டது. அவற்றின் நிலைபொருளைப் பிறருக்கு வழங்கவும் அனுமதித்தது. எனினும் பழைய சில்லுகளுக்கு அந்த அனுமதி பொருந்தவில்லை. பழைய மடிக்கணினி வைத்திருந்தோர் பதிவிறக்கிப் பிரித்தெடுக்கும் வழியிலேயே தொடர்ந்தனர்.

ரூட்டர்களும் அரசு விதிகளும்

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் லினக்ஸ் ஓடுவதை 2003-இல் பயனர்கள் கண்டறிந்தனர். ஜிபிஎல் உரிமப்படி அதன் மூல நிரலை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அந்த ஆண்டு லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோவின் கீழ் மூல நிரல் வெளியானது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. இங்கேயும் வைஃபை இயக்கிப் பகுதி பிராட்காமின் மூடிய நிரலாகவே இருந்தது. அது லினக்ஸ் 2.4 கெர்னலுக்கென உருவாக்கப்பட்டதால், அவ்வகை ரூட்டர்கள் பல ஆண்டுகள் பழைய கெர்னலிலேயே நின்றன.

2015-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 5 கிகாஹெர்ட்ஸ் சாதனங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வெளியார் உருவாக்கிய டிடி-டபிள்யூஆர்டி போன்ற நிலைபொருளை ஏற்றுவதைச் சாதனம் எவ்வாறு தடுக்கிறது என்று அது நிறுவனங்களைக் கேட்டது. திறந்த நிலைபொருளே தடை செய்யப்படுமோ என்ற அச்சம் பரவிப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆணையம் வாசகத்தைத் திருத்தி, அலைவரிசை வரம்பை மீறும் மாற்றங்களைத் தடுப்பதே நோக்கம் என விளக்கியது. 2016 ஆகஸ்டில், வரம்பு மீறிய திறனில் இயங்கக்கூடிய ரூட்டர்களை விற்றது தொடர்பாக டிபி-லிங்க் நிறுவனம் 2,00,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. தன் ரூட்டர்களில் வெளியார் நிலைபொருளுக்கு இடமளிக்கும் வழியைத் திறமூலச் சமூகத்துடன் ஆராயவும் அதே உடன்பாட்டில் இசைந்தது.

டெபியனின் நீண்ட விவாதம்

டெபியன் திட்டம் தன் பயனர்களுக்கு அளித்த சமூக ஒப்பந்தம், டெபியன் முழுவதும் கட்டற்றதாக இருக்கும் என உறுதி கூறுகிறது. அதே ஒப்பந்தம் பயனர்களின் நலனுக்கு முதலிடம் தரப்படும் என்றும் கூறுகிறது. நிலைபொருள் விவாதத்தில் இவ்விரு உறுதிமொழிகளும் ஒன்றோடொன்று மோதின.

2004, 2006, 2008 ஆண்டுகளில் இது குறித்து உறுப்பினர்கள் வாக்களித்தனர். ஒவ்வொரு முறையும், வெளியீடு தாமதமாகாதிருக்க, கெர்னலில் இருந்த மூடிய நிலைபொருள் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டது. இதற்கிடையே லினக்ஸ் தரப்பிலும் நிலைபொருள் கோப்புகள் கெர்னலிலிருந்து தனிக் களஞ்சியத்துக்கு நகர்ந்தன. 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6.0-இல் கெர்னல் முழுவதும் கட்டற்றதாயிற்று. மூடிய நிலைபொருள்கள் 'கட்டற்றவை அல்ல' என்னும் தனிப் பிரிவுக்குச் சென்றன.

கொள்கை காக்கப்பட்டது, அதன் விலையைப் புதிய பயனர் கொடுத்தார். அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் வைஃபை நிலைபொருள் இல்லை. நிலைபொருள் சேர்ந்த வட்டும் தயாரிக்கப்பட்டது. ஆனால் அது அதிகாரப்பூர்வமற்றது, கண்டுபிடிப்பதும் எளிதன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு தொடக்கம் முதலே நிலைபொருளைச் சேர்த்து வழங்கியதால், வைஃபை தேவைப்பட்ட பலர் அதை நாடினர்.

2022-இல் இக்கேள்வி மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஈதர்நெட் துளையே இல்லாத மடிக்கணினிகள் அதற்குள் பெருகியிருந்தன. வைஃபையைத் தாண்டி, ஒலி, திரை ஆகியவற்றுக்கும் நிலைபொருள் தேவைப்பட்டது. பார்வையற்ற பயனர் ஒருவர் திரைவாசிப்பான் குரலைக் கேட்டு டெபியனை நிறுவ வேண்டுமானால், ஒலிச் சில்லின் நிலைபொருள் நிறுவல் வட்டிலேயே இருக்க வேண்டும் என்ற வாதம் பலரையும் சிந்திக்க வைத்தது. அக்டோபர் தொடக்கத்தில் முடிவு வந்தது. நிறுவல் வட்டில் தேவையான நிலைபொருளைச் சேர்க்கலாம் எனச் சமூக ஒப்பந்தமே திருத்தப்பட்டது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 இவ்வாறு அமைந்தது. நிலைபொருளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றும் அதில் உருவாக்கப்பட்டது. எந்த நிலைபொருள் ஏற்றப்படுகிறது என்பதைப் பயனர் அறியவும், வேண்டாமெனில் தவிர்க்கவும் வழி வைக்கப்பட்டுள்ளது.

முரண்பாடும் பாதுகாப்பும்

அறக்கட்டளையின் கொள்கையிலும் ஒரு முரண்பாடு சுட்டிக்காட்டப்படுகிறது. ஒரே நிலைபொருள், சில்லில் மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்டிருந்தால் வன்பொருளாகக் கருதப்பட்டு ஏற்கப்படுகிறது. வட்டிலிருந்து ஏற்றப்பட்டால் கட்டற்றதன்று என்று தள்ளப்படுகிறது. இரண்டு நிலையிலும் பயனருக்கு மூல நிரல் கிடைப்பதில்லை. இரண்டாவது நிலையில், குறை கண்டால் புதிய கோப்பைக் கொண்டு திருத்தவாவது முடியும்.

திருத்தம் ஏன் முக்கியம் என்பதை 2017 காட்டியது. கோடிக்கணக்கான கைபேசிகளில் இருந்த பிராட்காம் வைஃபை நிலைபொருளில், பயனர் எதையும் தொடாமலேயே தாக்குதல் நடத்தக்கூடிய குறைகளை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று பிராட்பௌன் எனப் பெயர் பெற்றது. நிறுவனம் திருத்தம் வெளியிட்ட சாதனங்கள் தப்பின. மூல நிரல் மூடியிருக்கும்போது, நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய சாதனத்தின் குறையைத் திருத்த வேறு எவருக்கும் வழி இல்லை.

இன்றைய நிலை

இன்று பெரும்பாலான வைஃபை சில்லுகளுக்குத் திறமூல இயக்கி லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளது. அவற்றின் நிலைபொருள்களும் பொதுக் களஞ்சியத்தில் வழங்கும் அனுமதியுடன் கிடைக்கின்றன. மேலே குறித்த மூன்று வகைகளுள் மூன்றாம் வகை பெருமளவு மறைந்து, இரண்டாம் வகை பொதுவாகியுள்ளது. முதல் வகை அரிதாகவே உள்ளது. பெல்ஜியத்தின் ஐமெக், கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய ஓபன்வைஃபை திட்டம், மறுநிரலாக்கச் சில்லைக் கொண்டு வைஃபை வன்பொருளின் வடிவமைப்பையே திறந்து தருகிறது. ஆனால் அது ஆய்வகப் பயன்பாட்டுக்குரியது. மடிக்கணினியில் பொருத்தும் அட்டையன்று.

புதிதாகக் கணினி வாங்கி லினக்ஸ் நிறுவுவோருக்கு வைஃபை பெரும்பாலும் முதல் முறையிலேயே இயங்குகிறது. அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலைப் படிக்கவோ மாற்றவோ உள்ள உரிமை அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.